ஐந்தாம் எண், இடது கால்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடி முணுமுணுக்கிறது. உன் உடம்பைப் பற்றி எழுது.

நீ தீயணைப்புப் படையின் எழுத்துத் தேர்வில் தேறியதை அம்மா பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டாள். மீதித் தெருவுக்கு நாளைக்கு. ஜூனில் உடல்தகுதித் தேர்வு என்றாயே, ஓட்டமும் ஏணியும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பெட்டிகளில் எலும்புகள் வந்திருக்கின்றன. ரோமானியப் படையின் எல்லைக் கோட்டை ஒன்றுக்கு வெளியே, ஒரே குழியில் கிடந்த சிப்பாய்கள். தளபதி யாரும் இல்லை. வரலாற்றில் பெயர் வந்தவர் யாரும் இல்லை. பலருக்கு இடது பாதத்தில், இரண்டாம் விரலுக்குப் பின்னால் ஓடும் நீள எலும்பு, கயிற்றின் நடுவில் முடிச்சுப் போட்டதுபோல் தடித்திருக்கிறது. முன்பு பார்த்தவர்கள் நோய் என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் சுமை என்கிறேன். மூட்டையைக் கவைக்கோலில் கட்டி இடது தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். எலும்பு விரிசல் விட்டிருக்க வேண்டும். ஒட்டி, மறுபடி விட்டு, மறுபடி ஒட்டி.

சொன்னால் போதாது. நடந்து காட்ட வேண்டும். எட்டுப் பேர், ஏனென்றால் அவர்களுக்கு ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர். அதே சுமை, அதே ஆணி அடித்த செருப்பு, அதே கோதுமைக் கஞ்சி. இரண்டு மாதம். ஏழு பேர் கிடைத்துவிட்டார்கள்.

இது ஒரு துறையின் வேலை இல்லை. இலத்தீன் படிப்பவர் சுமையின் எடையைச் சொல்கிறார். வேதியியல்காரர் அந்தச் சிப்பாய்களின் பல்லைச் சுரண்டி, என்ன தின்றார்கள் என்கிறார். உளவியல்காரர், புள்ளியியல்காரர், மருத்துவர், நான். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிவதில்லை. எல்லோருக்கும் புரிகிற ஒரே பொருள் கால்.

கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். கடிதம் எழுதலாம். உளவியல்காரர் பிரித்துப் படிப்பார், தூக்கம், கோபம், சிரிப்பு இவற்றைக் குறித்துக்கொள்ள. வாரம் ஒரு முறை எக்ஸ்ரே வேன் வரும். படங்கள் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு என்னிடம் வரும். விரிசல் தெரிந்தால் சிவப்பில் குறிப்பேன். குறித்த அன்றே மருத்துவர் அந்த ஆளை நிறுத்திவிடுவார். வலிக்கிறது என்று நீங்களாகச் சொன்னாலும் அன்றே நிறுத்தம். ஆகவே பயமில்லை. ஜூனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

இது தேறினால் துறையில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் ஆண்டு முடிவில் அந்தப் பெட்டிகளோடு நானும் கிளம்ப வேண்டியதுதான்.

அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்: "செருப்புல ஆணியா? அவனுக்கு வீட்டுச் செருப்பே கடிக்கும்னு எழுது." எழுதிவிட்டேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


ஜனவரி 18

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். முழங்காலைக் காட்டி வேலை வாங்கும் பழக்கத்தை அம்மா விடவில்லை என்று தெரிகிறது. நிம்மதி.

வருகிறேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியில் இரண்டு மாதம் விடுப்புக் கேட்டேன். முதலாளி, "எங்கடா போற?" என்றார். "ரோமாபுரிப் படையில சேரப்போறேன் சார்" என்றேன். "போயிட்டு வா, எதிரி யாரும் மிச்சமில்ல" என்றார். அறைத் தோழன்தான் மோசம். "காலை ஒடைக்கணும்னா அக்காவே ஒடைக்கலாமே, எதுக்கு இத்தனை பேரைச் சேத்துக்கிட்டு?" என்கிறான்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன். இந்த ஜூன் தவறினால் அடுத்த ஜூன். அத்தோடு வயது முடிகிறது. லிஃப்டுக்குள் புகையோடு மாட்டிக்கொண்ட மூன்று பேரைத் தீயணைப்புக்காரர்கள் வெளியே தூக்கிய அன்று நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்துக்கொண்டு நிற்பது போதும் என்று தோன்றியது. இறங்குகிறவனாக இருக்க வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. உளவியல்காரர் படிப்பதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

மற்றபடி என் கால் உன் பொறுப்பு.

தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

உடம்பு நலம். கூடாரத்தில் எட்டுப் பேர் நலம். இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

எங்களை நடத்துபவர் ஓய்வு பெற்ற பயிற்சியாளர். வாயில் எந்நேரமும் விசில், ஆகவே பெயரும் விசில். என்னை 'ரோமன்' என்கிறார். "டேய் ரோமன், நடக்கிறியா, மெதக்கிறியா?" எட்டுப் பேரும் ரோமன்தான். அவர் கூப்பிட்டால் எட்டுப் பேரும் திரும்புகிறோம். அது அவருக்குப் பிடித்திருக்கிறது.

கூடாரத்தைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை கொடுத்திருக்கிறீர்கள். நின்ற இடத்தில் நின்று எல்லோரையும் மேலும் கீழும் பார்க்கிறது. கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பேராசிரியர் என்று பெயர் வைத்திருக்கிறோம். உன் துறைத்தலைவரிடம் சொல்லிவிடாதே.

செருப்பின் ஆணி தார்ச் சாலையில் வழுக்குகிறது, மண்ணில் பிடிக்கிறது. மூட்டை, கேடயம், வளையக் கவசம் எல்லாம் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடப் பையனைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல. அதுவும் அடம்பிடிக்கிற பையன். இடது தோள் கன்றிவிட்டது. கூட இருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர், வாத்தியார் என்று கூப்பிடுகிறோம், ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். விசில் பார்க்காதபோது கோலை வலது தோளுக்கு மாற்றிக்கொள்வது. சொர்க்கம்.

எக்ஸ்ரே வேன் வந்தது. காலை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். புகைப்படம் எடுப்பவர் மாதிரி "அசையாதீங்க" என்றார். சிரிக்கச் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சொல்: செருப்பு கடிக்கிறது. அவள் ஜெயித்தாள்.

தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கழுதை வரும் இடத்தில் மூன்று முறை.

கழுதை விஷயத்தைத் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிப்பாய்களையே அக்காலத்தில் கோவேறு கழுதைகள் என்றுதான் கேலி செய்தார்கள் என்று பாடம் எடுத்தார்.

முதல் படங்கள் வந்தன. எட்டுக் கால்களும் சுத்தம். எண்களைப் புள்ளியியல்காரர் குலுக்கிப் போட்டிருக்கிறார். யாருடையது எது என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும் என்பது புள்ளியியல்காரரின் வாதம். பெரிய சண்டைக்குப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விதி அது.

கோலைத் தோள் மாற்றாதே. இடது தோள்தான். தோள் மாற்றினால் பாரம் இரண்டு காலுக்கும் பங்கு போய்விடும். பிறகு நீங்கள் நடப்பது வெறும் நடை. வாத்தியாரின் வித்தையை மற்றவர்களும் விடும்படி நீயே சொல். நான் சொன்னதாக வேண்டாம்.

உன்னால் முடியும் என்பதால் சொல்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.
அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமும் அம்மாவின் நலமும் எழுது.

கோலை மாற்றுவதில்லை. வலது தோள் என்று ஒன்று எனக்கு இருப்பதையே மறந்துவிட்டேன்.

வாத்தியார் போய்விட்டார். குதிகால் வலிக்கிறது என்று விசிலிடம் சொன்னார். சும்மா, காற்றடிக்கிறது என்பதுபோல்தான் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது. கவசத்தைக் கழற்றும்போது அழுதார். ஐம்பது வயது மனிதர். "பொறுத்துக்கிட்டிருந்திருக்கலாம்டா. வாயத் தொறந்தேன் பாரு" என்றார். அன்றிலிருந்து கூடாரத்தில் யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை. அற்புதமான ஆரோக்கியம்.

எனக்கும் வலி என்று சொல்ல முடியாது. காலையில் எழுந்து முதல் சில அடிகள் இடது பாதத்தில் ஏதோ பிகு பண்ணுகிறது. புதுப் பெண்ணைப்போல். நடக்க நடக்கச் சமாதானமாகிவிடுகிறது. சாயங்காலம் மறுபடி. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்.

படத்தில் ஏதாவது இருந்தால் சிவப்பில் குறிப்பாய்தானே? குறித்தால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தவில்லை என்றால் ஒன்றுமில்லை. இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆகவே இதை வலி என்று யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் ஆள் குறைந்துவிடும்.

நாளை நான்காவது படம். அப்போது தெரிந்துவிடும்.

தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. நான் சௌக்கியம். அம்மா சௌக்கியம். உன் கால் எப்படி இருக்கிறது?

நான்காவது படங்கள் வந்தன, ஐந்தாவதும் வந்தன. எண்கள் மட்டும்தான். சிவப்பில் எதையும் குறிக்கவில்லை.

இந்த வாரம் முழுதும் குழியிலிருந்து வந்த ஒருவனோடுதான் இருந்தேன். உன் வயது. பல் வரிசை அழகாக இருக்கிறது. இடது பாதத்து எலும்பில் விரிசல் விட்ட பிறகும் நடந்திருக்கிறான். அது ஒட்டப் பார்க்கிறது, அவன் நடக்கிறான், விட்டுப்போகிறது. மறுபடி ஒட்டப் பார்க்கிறது. அதனால்தான் அவ்வளவு பெரிய முடிச்சு. விரிசல் விட்ட அன்றே யாராவது அவனை உட்காரச் சொல்லியிருந்தால் முடி போன்ற ஒரு கோடுதான் இருந்திருக்கும். சில வாரங்களில் அதுவும் மறைந்திருக்கும். நமக்கு இன்று எதுவும் தெரிந்திருக்காது. விசித்திரம்தான், யாரும் இரக்கம் காட்டாததால் நமக்கு வரலாறு கிடைக்கிறது.

நேற்று என்னவோ அப்பாவின் சைக்கிள் நினைவுக்கு வந்தது. நீ பின்னால் உட்கார்ந்து சக்கரத்துக்குள் இடது காலை விட்டாயே. சுண்டுவிரல் நுனி போய், அந்தக் கடைசி எலும்பு பென்சில் முனைபோல் ஆகிவிட்டது. அப்பா செத்தும் அந்தச் சைக்கிளை அம்மா விற்கவில்லை.

அம்மா கேட்டாள்: "அவன் காலு எப்படி இருக்குதாம்?"

"நல்லா இருக்காம்."

"அவன் சொன்னானா, நீ பாத்தியா?"

அம்மாவுக்கு இந்தப் பழக்கம். ஒரு கேள்வியை இரண்டாகப் பிளந்து நீட்டுவாள். நான் கைகழுவப் போய்விட்டேன்.

இன்னும் கொஞ்ச நாள்தான். கோல் இடது தோளில்தானே?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

முடிந்துவிட்டது. நான் நலம்.

நால்வர்தான் கடைசிவரை வந்தோம். நானும் பேராசிரியரும் சேர்ந்தாற்போல் உள்ளே நுழைந்தோம். கழுதைக்கு மாலை போட்டார்கள். விசில் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, "ரோமன், ஒன்னமாதிரி நாலு பேரு இருந்திருந்தா அந்த சாம்ராஜ்யம் விழுந்திருக்காதுடா" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. செருப்பைக் கழற்றினேன். இடது பாதம் கொஞ்சம் தடித்திருந்தது. இரண்டு மாதம் நடந்தால் தடிக்காதா.

கடைசி வாரங்களில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். உன் கடிதத்தை நினைத்துக்கொள்வது. சிவப்பில் எதையும் குறிக்கவில்லை. இடது கால் ஊன்றும்போது 'சிவப்பில்', வலது கால் ஊன்றும்போது 'இல்லை'. இப்படி எத்தனை மைல் நடந்தேன் தெரியுமா?

அம்மாவிடம் சொல், ஜூனுக்கு நான் தயார்.

உன் ரோமன்


ஜூன் 9

அக்கா,

ஏப்ரல் கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. கைபேசியிலும் நீ எடுப்பதில்லை. ஆகவே இது.

உடல்தகுதித் தேர்வு நேற்று. ஓட்டத்தின் கடைசி வளைவில் இடது பாதத்துக்குள் ஒரு சத்தம். காய்ந்த குச்சியை மிதித்ததுபோல். கீழே கிடந்தேன். எனக்குப் பின்னால் ஓடி வந்தவன் என்னைத் தாண்டிக் குதித்துப் போனான். நான் தீயணைப்புக்காரனாக வேண்டிய மைதானத்திலிருந்து என்னைத் தீயணைப்புக்காரர்கள்தான் தூக்கிப் போனார்கள். நேர்த்தியாகத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னப்பா, இத்தனை நாளா இத வச்சுக்கிட்டா நடந்த?"

"இன்னைக்குத்தானே சார் ஒடஞ்சுது?"

"ஒடஞ்சது இன்னைக்கு. விரிசல் விட்டு மூணு மாசம் இருக்கும். இங்க பாரு, ஓரத்துல முடிச்சு மாதிரி. எலும்பு ஒட்டப் பாத்திருக்கு. நீ விடல."

இந்தப் பேச்சை முன்பே எங்கோ படித்திருக்கிறேன்.

இரண்டு வழி சொன்னார். கட்டுப் போட்டுப் பொறுமையாக இருந்தால் மெதுவாகத் தானே ஒட்டும், அடுத்த ஜூனுக்கு ஓடலாம். தகடு வைத்துத் திருகினால் சீக்கிரம் நடக்கலாம், ஆனால் உடம்பில் உலோகம் வைத்தவர்களைத் தீயணைப்புப் படை எடுப்பதில்லை. பொறுமையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் படங்களை அனுப்பு.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டு மிகவும் வருந்தினேன். அம்மாவிடம் சுளுக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இரத்த அழுத்தம். நீயும் அப்படியே சொல்.

படங்கள் ஆய்வுக்குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. நடந்தவர்கள் தங்கள் படத்தைக் கேட்டு மருத்துவருக்கு எழுதலாம். என்னிடம் கேட்பது முறையல்ல. எந்தக் கால் யாருடையது என்பது எனக்குத் தெரியாது என்பதுதான் இந்த ஆய்வின் அடிப்படை.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. வலித்திருந்தால் நீ சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றே நிறுத்துவார்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். வாத்தியார் சொன்னார், அவர் இன்று நன்றாக இருக்கிறார்.

பால் குடி. காலை உயரமாக வைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

நான் நலமா என்று நீ கேட்கவில்லை. சரி, உனக்குத்தான் தெரியுமே.

மருத்துவருக்கு எழுதினேன். அனுப்பிவிட்டார். நான் ஐந்தாம் எண்ணாம். எட்டுப் படங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் உன் கையெழுத்தில் ஒரே சொல். இயல்பு. இயல்பு. இயல்பு. எட்டு இயல்பு.

இங்கே இருக்கும் மருத்துவரிடம் வரிசையாக வைத்துக் காட்டினேன். நான்காவதில் விரலை வைத்தார். "இதை யாரு பாத்தது? புதுசா படிக்கிற பசங்ககூட விடமாட்டாங்களே." புதிதாகப் படிக்கிறவர் இல்லை சார் என்றேன்.

பிறகு நானே பார்த்தேன். எனக்கு எலும்பு படிக்கத் தெரியாது. ஆனால் சுண்டுவிரலைப் பார்த்தேன். பென்சில் முனை. எட்டுப் படத்திலும் இருக்கிறது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ரிக்‌ஷாவில் வந்தவளுக்குத் தெரியும். நான்காவது படம் வந்த பிறகுதான் உனக்கு அப்பாவின் சைக்கிள் நினைவுக்கு வந்திருக்கிறது.

உங்கள் குழு மருத்துவர் என் கடித நகல்களையும் சேர்த்து அனுப்பியிருந்தார். பாதத்தில் பிகு என்று எழுதினேனே, அதன் ஓரத்தில் உளவியல்காரரின் குறிப்பு: "நகைச்சுவை உணர்வு குறையவில்லை." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பங்கு சிரிப்பு. வேதியியல்காரர் பங்கு கஞ்சி. உன் பங்கு எலும்பு. அந்த மேஜையில் ஆள் யாருடைய பங்கு அக்கா?

நீ பார்க்கவில்லை என்று சொல். தூக்கக் கலக்கம், கண் சரியில்லை, வேலை அதிகம், எதையாவது சொல். நம்புகிறேன்.

தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். இத்தனை நாளில் உன் கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பார்த்தேன்.

குறித்திருந்தால் உன்னை அன்றே நிறுத்தியிருப்பார்கள். என்னிடம் முடி போன்ற ஒரு கோடு மிஞ்சியிருக்கும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் நிற்க முடியாது. நீ தாங்குவாய் என்று தெரியும். வேறு யாருடைய காலாக இருந்தாலும் குறித்திருப்பேன். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். அந்நியனிடம் அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது.

கட்டுரையில் வேறு விதமாக எழுதியிருக்கிறோம். ஐந்தாம் எண்ணின் விரிசல் ஆரம்பப் படங்களில் புலப்படவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். துறைத்தலைவர் என் அறைக் கதவில் தானே பெயர்ப்பலகை மாட்டினார். அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள்.

உனக்கு இன்னொரு ஜூன் இருக்கிறது. எனக்கு இந்த வருடத்தைத் தவிர எதுவும் இல்லை. இரண்டையும் எடை போட்டுத்தான் செய்தேன்.

இனி ஒரு வேண்டுகோள். குழியில் கிடந்தவர்களின் எலும்பு எல்லாமே ஒட்டி முடிந்தவை. நம்மிடம் விரிசல் இருக்கிறது, முறிவு இருக்கிறது. ஒட்டுவது இல்லை. உன் கால் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. தொடக்கத்திலிருந்து முடிச்சுவரை படமெடுத்த எலும்பு, அந்தச் சுமையில், அந்தச் செருப்பில், வேறு எவரிடமும் இல்லை. மாதம் ஒரு படம் போதும். அதை ஆதாரமாக வைத்துத்தான் அடுத்த மூன்று ஆண்டுத் திட்டத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் அதுதானே நல்லது, தானாக ஒட்டுவதுதானே ஜூனுக்கு வேண்டும். எவர் சொன்னாலும் தகடு மட்டும் வைத்துவிடாதே.

வருவாய் என்று தெரியும்.

காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்,
அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மாவின் முழங்கால் நலமா? பெயர்ப்பலகைக்கு வாழ்த்துகள். தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா என்ன சொன்னாள் என்று எழுதாமல் விட்டுவிட்டாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் மருத்துவரிடம் போனேன். தகடு வைக்கச் சொன்னேன். அவர் புதுப் படத்தை எடுத்துக் காட்டினார்.

"நல்லா ஒட்டிக்கிட்டு வருதேப்பா. எதுக்கு இப்ப வெட்டணும்?"

"ஒட்டுறதுதான் சார் பிரச்சினை."

"தீயணைப்புல சேரணும்னியே? தகடு வச்சா எடுக்க மாட்டாங்க, தெரியும்ல? பின்னால கழட்டினாலும் எடுக்க மாட்டாங்க."

"தெரியும் சார்."

அவர் முடியாது என்றுவிட்டார். நல்ல மனிதர். வேறொருவரிடம் போனேன். அவர் காரணம் கேட்கவில்லை. சீக்கிரம் நடக்க வேண்டும் என்றேன், தேதி கொடுத்தார். ஒட்டியிருந்த முடிச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் தகட்டை உட்கார வைக்க முடியும் என்றார். செதுக்குங்கள் என்றேன்.

எனக்கு இன்னொரு ஜூன் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருந்தது.

அடுத்த மாதம் லிஃப்ட் கம்பெனிக்குத் திரும்புகிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்க இந்தக் கால் போதும் என்கிறார் முதலாளி. அம்மாவுக்குச் சுளுக்கு குணமாகிவிட்டது என்று சொல்.

நீ கேட்ட இந்த மாதப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல தகடு, ஐந்து திருகாணி, உன் சிப்பாய்கள் எவரிடமும் இருக்காது. ஓரத்தில் பெயர் எழுதவில்லை. எண்ணும் போடவில்லை.

உனக்கு வேண்டியிருக்காது.

தம்பி